டேப்லெட், ஹப், மானிட்டர்: எதை எங்கே, எந்த வரிசையில் மாட்டுவது

ஹப்பை (டேப்லெட்டின் ஒரே போர்ட்டைப் பல போர்ட்டாகப் பிரிக்கும் பெட்டி) மாட்டியதும் மவுஸ் ஓடுகிறது, பென்டிரைவ் திறக்கிறது, மானிட்டரில் மட்டும் ‘நோ சிக்னல்’. டேப்லெட்டுக்கு ஹப் வாங்குபவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் இது. உடனே ஹப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்னும் விலை கூடிய ஒன்றை வாங்குவார்கள். அதிலும் படம் வராது. பழுது பெரும்பாலும் ஹப்பில் இல்லை. அந்த டேப்லெட்டின் டைப்-சி போர்ட்டிலிருந்து படமே வெளியே வருவதில்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஐந்து சாக்கெட் இருக்கிறது என்பதற்காகச் சுவர் பாயின்ட்டில் கூடுதல் மின்சாரம் வந்துவிடாது. ஹப்பும் அப்படித்தான்: போர்ட் தருவதைப் பிரித்துக் கொடுக்கும், இல்லாததைத் தராது.

அதனால் ஹப்பைப் பார்க்கும் முன் போர்ட்டைப் பார்க்க வேண்டும்.

உங்கள் போர்ட்டில் என்ன வருகிறது

டைப்-சி என்பது ஓட்டையின் வடிவம் மட்டுமே. படம் வெளியே வர அந்தப் போர்ட்டில் ‘டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோடு’ என்ற வசதி இருக்க வேண்டும். டேப்லெட் நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில், ஸ்பெசிஃபிகேஷன் பக்கத்தில், டிஸ்ப்ளேபோர்ட் அல்லது ‘வீடியோ அவுட்’ என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். கடைக்காரர் சொல்வதையும் ஹப் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் டேப்லெட் படத்தையும் நம்ப வேண்டாம்.

ஐபேடில் நிலைமை தெளிவு. டைப்-சி வைத்த எல்லா ஐபேடும் படம் தரும். ஆனால் எப்படித் தரும் என்பதில் வித்தியாசம் உண்டு. எம்1 அல்லது அதற்குப் பிந்தைய எம் வரிசை சிப் இருந்தால்தான் மானிட்டர் தனி இரண்டாவது திரையாக வேலை செய்யும். இந்த வசதி ஐபேட்ஓஎஸ் 16.2-இல் வந்தது. மற்றவற்றில் ஐபேடில் இருப்பதன் நகல் மட்டுமே மானிட்டரில் தெரியும், அதுவும் அகலத் திரையின் இரு பக்கமும் கறுப்புப் பட்டையோடு. 2018, 2020 ஐபேட் ப்ரோ வைத்திருப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அவற்றில் ஸ்டேஜ் மேனேஜர் (பல ஆப்களைத் தனித்தனி ஜன்னலாகத் திறக்கும் வசதி) உண்டு, வெளித்திரைக்கு அது நீளாது. 10ஆம் தலைமுறை சாதாரண ஐபேடில் யூஎஸ்பி 2.0 வேகம்தான், அதாவது 480 எம்பிபிஎஸ். ஆனாலும் படம் வரும், ஏனென்றால் டைப்-சிக்குள் யூஎஸ்பி 2.0-க்கான கம்பிகள் தனி, படத்துக்கான அதிவேகக் கம்பிகள் தனி. அதில் 4கே என்றால் 30 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 30 முறை படம் மாறும்), 1080பி என்றால் 60 ஹெர்ட்ஸ், அதற்கு மேல் கிடையாது.

சாம்சங்கில் இன்னும் கவனம் தேவை. கேலக்ஸி டேப் எஸ்7, எஸ்8, எஸ்9 போன்ற மேல்வரிசை மாடல்களில் கேபிள் வழி படம் வரும். டேப் ஏ9+, டேப் எஸ்9 எஃப்இ ஆகியவற்றில் டெக்ஸ் (திரையைக் கம்ப்யூட்டர் போல மாற்றும் சாம்சங் வசதி) இருக்கிறது, கேபிள் வழி படம் இல்லை. டெக்ஸ் இருந்தாலே எச்டிஎம்ஐ வேலை செய்யும் என்று நினைத்து வாங்கினால் பணம் வீண். டேப் எஸ்6 லைட்டிலும் படம் வராது.

போர்ட்டில் படம் இல்லையென்றால் ஆண்ட்ராய்டில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சாம்சங்கின் ஸ்மார்ட் வியூ போன்ற வசதி வழியாக, மிராகாஸ்ட் (திரையை வயர்லெஸ்ஸில் வாங்கிக்கொள்ளும் முறை) உள்ள டிவிக்கு அனுப்புவது. இன்னொன்று, டிஸ்ப்ளேலிங்க் சிப் வைத்த அடாப்டர். இது படத்தைச் சுருக்கி யூஎஸ்பி டேட்டாவாக அனுப்பும், டேப்லெட்டில் அதற்கான ‘டிஸ்ப்ளேலிங்க் பிரசன்டர்’ ஆப் வேண்டும், நகல் மட்டுமே கிடைக்கும். ஸ்லைடு காட்டப் போதும், வீடியோவுக்குச் சுமார்தான். ஐபேடில் டிஸ்ப்ளேலிங்க் வேலை செய்யாது. ஐபேடுக்கு ஹப் வாங்கும்போது பெட்டியில் அந்தப் பெயர் இருந்தால் வைத்துவிட்டு நகருங்கள்.

ஹப் வாங்கும்போது: ‘4கே’ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் என்ன எண்

விலை குறைந்த ஹப்கள் எல்லாமே ‘4கே எச்டிஎம்ஐ’ என்று போட்டிருக்கும். சின்ன எழுத்தில் 30 ஹெர்ட்ஸ் என்றிருக்கும். 30 ஹெர்ட்ஸில் வீடியோ பார்ப்பதில் பெரிய குறை தெரியாது. மவுஸை நகர்த்தினால் அம்பு விட்டு விட்டுத் தாவும், பக்கத்தை ஸ்க்ரோல் செய்தால் எழுத்து இழுபடும். நாள் முழுவதும் வேலை செய்ய அது ஆகாது.

ஏன் இப்படி? டைப்-சியில் அதிவேகப் பாதைகள் நான்கு. ஹப்பில் யூஎஸ்பி 3 போர்ட்டுகளும் இருந்தால் இரண்டு பாதை டேட்டாவுக்குப் போய்விடும், படத்துக்கு மிஞ்சுவது இரண்டு. 4கே 60 ஹெர்ட்ஸ் படத்துக்கு நொடிக்குச் சுமார் 12 ஜிகாபிட் வேண்டும். டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேகத்தில் இரண்டு பாதை 8.64 ஜிகாபிட்தான் தாங்கும், அதனால் 30 ஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது. டிஸ்ப்ளேபோர்ட் 1.4 வேகத்தில் அதே இரண்டு பாதை 12.96 தாங்கும், 60 ஹெர்ட்ஸ் நுழைந்துவிடும். டேப்லெட், ஹப் இரண்டும் 1.4 ஆக இருந்தால்தான் இது நடக்கும். இன்னொரு வகை ஹப், நான்கு பாதையையும் படத்துக்கே கொடுத்துவிட்டு யூஎஸ்பி போர்ட்டுகளை 2.0 வேகத்தில் விட்டுவிடும். கீபோர்டு, மவுஸ் மட்டும் போதுமென்றால் இதில் நஷ்டமில்லை. எஸ்எஸ்டியில் வீடியோ எடிட் செய்பவர்களுக்கு இது தலைவலி.

மானிட்டர் 1440பி என்றால் இந்தக் கணக்கே வேண்டாம். 60 ஹெர்ட்ஸுக்குச் சுமார் 5.3 ஜிகாபிட்தான், ‘4கே 30’ ஹப்பிலேயே 1440பி சீராக 60-இல் ஓடும். 27 அங்குலத் திரையும் சாதாரண ஹப்பும் வைத்திருப்பவர்கள் 4கே மானிட்டரைத் துரத்தாமல் இதோடு நிற்பது புத்திசாலித்தனம்.

இரண்டு எச்டிஎம்ஐ இருக்கும் ஹப் வேண்டாம். ஐபேடில் இரண்டு மானிட்டரிலும் ஒரே படம்தான் வரும், அல்லது ஒன்றில் வரவே வராது. தண்டர்போல்ட் (டைப்-சி வடிவிலேயே வரும் இன்னும் வேகமான இணைப்பு) 3 டாக் எனும் பெரிய ஹப்கள் பல, தண்டர்போல்ட் இல்லாத டேப்லெட்டில் வேலை செய்யாது. ஐபேடில் அந்தப் போர்ட் 2021 எம்1 ப்ரோவிலிருந்து ப்ரோ மாடல்களில் மட்டும் இருக்கிறது, ஐபேட் ஏரில் கிடையாது.

மற்றபடி ஹப்பில் பார்க்க வேண்டியவை: பிடி (பவர் டெலிவரி) சார்ஜிங் உள்ள டைப்-சி போர்ட், குறைந்தது இரண்டு யூஎஸ்பி-ஏ, தேவைப்பட்டால் எஸ்டி கார்டு, ஈதர்நெட். ஹப்போடு ஒட்டிய கேபிள் 15–20 செ.மீ. நீளம் இருக்கட்டும். டேப்லெட்டின் விளிம்பில் நேரடியாகச் செருகும் குட்டி ஹப்கள் பார்க்க அழகு. டேப்லெட்டை ஒருமுறை சாய்த்தால் முழு எடையும் போர்ட்டின் மேல் விழும்.

பவர்: இங்கேதான் பாதிப் பிரச்சினை பிறக்கிறது

ஹப்பில் ‘பிடி 100 வாட்’ என்று இருந்தால், 100 வாட் வரை உள்ளே வாங்கும் என்று அர்த்தம். பல ஹப்கள் 10 முதல் 15 வாட் வரை தனக்கென ஒதுக்கிக்கொண்டு மீதியைத்தான் டேப்லெட்டுக்குச் சொல்லும். ஐபேடோடு வரும் 20 வாட் சார்ஜரை மாட்டினால் டேப்லெட்டுக்கு 5 முதல் 10 வாட்தான் மிஞ்சும். மானிட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது அது போதாது. சார்ஜ் குறியீடு காட்டிக்கொண்டே பேட்டரி இறங்கும். 45 வாட் சார்ஜர் குறைந்தபட்சம், 65 வாட் இருந்தால் நிம்மதி. சாம்சங்கின் 45 வாட் அதிவேக சார்ஜிங், வோல்டேஜைச் சிறுகச் சிறுக மாற்றும் பிபிஎஸ் முறையில் நடப்பது; பல ஹப்கள் அதைக் கடத்துவதில்லை. ஹப் வழியாக மெதுவாகத்தான் ஏறும், அதைப் பழுதென்று நினைக்க வேண்டாம்.

சார்ஜர் இல்லாமல் ஹப்பை மட்டும் மாட்டினால் எல்லாவற்றுக்கும் டேப்லெட்டின் பேட்டரிதான் தீனி. யூஎஸ்பி 2.0 போர்ட்டின் கணக்கு 5 வோல்ட்டில் 500 மில்லிஆம்பியர், யூஎஸ்பி 3-க்கு 900. சுழலும் 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க் கிளம்பும் நொடியில் ஒரு ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். ‘டிக், டிக்’ என்று சத்தம் வந்து, டிஸ்க் தெரியாமலே போனால் காரணம் இதுதான். ஐபேடில் ‘இந்தத் துணைக்கருவிக்கு அதிக மின்சாரம் தேவை’ என்ற பொருளில் ஒரு செய்தியும் வரலாம். சார்ஜரை மாட்டினால் தீரும்.

இதைவிட முக்கியம், சார்ஜரை *எப்போது* மாட்டுகிறோம் என்பது. ஹப் ஏற்கெனவே டேப்லெட்டின் மின்சாரத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது சார்ஜரைச் செருகினால், யார் யாருக்கு மின்சாரம் தருவது என்று டேப்லெட்டும் ஹப்பும் மறுபடி பேசி முடிவு செய்ய வேண்டும். அந்த ஓரிரு நொடியில் பல ஹப்கள் மொத்தமாக அணைந்து மீளும். மானிட்டர் கறுத்துத் திரும்பி வரும், அது பரவாயில்லை. அப்போது டிஸ்க்கில் ஏதாவது எழுதிக்கொண்டிருந்தால் அந்த ஃபைல் போச்சு. சில சமயம் டிஸ்க்கே ‘ஃபார்மேட் செய்யவா’ என்று கேட்கும். சார்ஜரைப் பிடுங்கும்போதும் இதே கதை. கரன்ட் போனாலும் சார்ஜரைப் பிடுங்கியதற்குச் சமம்தான். அடிக்கடி கரன்ட் போகும் இடத்தில் டிஸ்க்கில் நேரடியாக எடிட் செய்ய வேண்டாம்; டேப்லெட்டுக்குள் வைத்து முடித்துவிட்டுக் கடைசியில் டிஸ்க்குக்கு நகலெடுங்கள், அல்லது சார்ஜரை யூபிஎஸ்ஸில் போடுங்கள்.

மாட்டும் வரிசை

1. சார்ஜரை ஹப்பின் பிடி போர்ட்டில் செருகி ஸ்விட்சைப் போடுங்கள். சில ஹப்களில் இரண்டு டைப்-சி இருக்கும்; ‘பிடி’ என்று எழுதியது சார்ஜருக்கு, மற்றது டேட்டாவுக்கு. பிடி மட்டும் உள்ள போர்ட்டில் எஸ்எஸ்டியைச் செருகினால் ஒன்றும் நடக்காது.
2. எச்டிஎம்ஐ கேபிளை ஹப்பிலும் மானிட்டரிலும் செருகி, மானிட்டரை ஆன் செய்து, சரியான இன்புட்டைத் தேர்ந்தெடுங்கள்.
3. டேப்லெட்டை அன்லாக் செய்யுங்கள். ஐபேட் வெகுநேரம் லாக்கில் இருந்தால் புதிய யூஎஸ்பி கருவியை அனுமதிக்காது.
4. இப்போது ஹப்பை டேப்லெட்டில் செருகுங்கள். தடிமனான கவர் இருந்தால் கழற்றிவிட்டுச் செருகிப் பாருங்கள்; பிளக் ஒரு மில்லிமீட்டர் வெளியே நின்றால் சார்ஜ் ஏறும், படம் வராது.
5. படம் வந்ததும் கீபோர்டு, மவுஸ் அல்லது அவற்றின் ரிசீவர்.
6. டிஸ்க்கும் கார்டும் கடைசி.

கழற்றும்போது தலைகீழ்: டிஸ்க் முதலில், சார்ஜர் கடைசியில். சாம்சங்கில் நோட்டிஃபிகேஷனை இறக்கி டிஸ்க்கை அன்மவுன்ட் செய்துவிட்டுக் கழற்றலாம். ஐபேடில் நகலெடுக்கும் வட்டம் முழுதாக முடிந்த பிறகு சில நொடி பொறுத்துக் கழற்றுங்கள்.

திரையைச் சரிசெய்தல்

எம் வரிசை ஐபேடில் ஸ்டேஜ் மேனேஜரை ஆன் செய்தால் மானிட்டர் தனித் திரையாகும். செட்டிங்ஸில் ‘டிஸ்ப்ளே & பிரைட்னெஸ்’ போனால் மானிட்டரின் பெயர் தெரியும்; நகல் வேண்டுமா, தனித் திரை வேண்டுமா என்பதையும் மானிட்டர் ஐபேடின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் அங்கே மாற்றலாம். இடம் வலம் மாறியிருந்தால் மவுஸ் அம்பு சுவரில் முட்டியது போல் நின்றுவிடும். மானிட்டரைத் தொட்டு எதுவும் செய்ய முடியாது என்பதால் மவுஸோ டிராக்பேடோ கட்டாயம்.

சாம்சங்கில் செட்டிங்ஸ், ‘கனெக்டட் டிவைசஸ்’, ‘சாம்சங் டெக்ஸ்’. எச்டிஎம்ஐ மாட்டியதும் தானாகத் தொடங்கும்படி அங்கே வைக்கலாம். டெக்ஸ் வேண்டாம், நகல் போதும் என்றாலும் அங்கேயே மாற்றலாம்.

டிவியில் மாட்டினால் இரண்டு அமைப்புகளைப் பாருங்கள். ஓரங்கள் வெட்டுப்பட்டால் டிவியின் படம் பொருத்தும் அமைப்பை மாற்ற வேண்டும். எல்ஜியில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, சாம்சங்கில் ‘ஃபிட் டு ஸ்க்ரீன்’. இரண்டாவது, பல டிவிகளில் எச்டிஎம்ஐ போர்ட் பழைய வேகத்திலேயே பூட்டப்பட்டிருக்கும். சாம்சங்கில் ‘இன்புட் சிக்னல் ப்ளஸ்’, எல்ஜியில் ‘எச்டிஎம்ஐ டீப் கலர்’ என்பதை அந்தப் போர்ட்டுக்கு ஆன் செய்தால்தான் 4கே 60 ஹெர்ட்ஸ் வரும். வந்துவிட்டதா என்று கண்ணால் ஊகிக்க வேண்டாம்; மானிட்டரின் மெனுவில் ‘இன்ஃபர்மேஷன்’ பக்கத்தில் ‘3840 x 2160, 60 ஹெர்ட்ஸ்’ என்று எழுதியே இருக்கும்.

சத்தம் எச்டிஎம்ஐ வழியே மானிட்டருக்குப் போய்விடும். மானிட்டரில் ஸ்பீக்கர் இல்லையென்றால் மயான அமைதி. ஐபேடில் கன்ட்ரோல் சென்டரைத் திறந்து ஒலிக்கட்டத்தில் வெளியீட்டை மாற்றுங்கள். சாம்சங்கில் ‘மீடியா அவுட்புட்’.

பள்ளி, மன்ற அரங்குகளில் இன்னும் விஜிஏ புரொஜெக்டர்கள் இருக்கின்றன. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் அடாப்டர் போதும், ஆனால் ஓடிடி ஆப்களின் படம் அதில் கறுப்பாகத்தான் வரும். காப்புரிமைப் பூட்டான எச்டிசிபி விஜிஏவில் கிடையாது. ஸ்லைடும் சொந்த வீடியோவும் வரும்.

கேபிள்

டைப்-சி மானிட்டருக்கு ஹப் இல்லாமலே ஒரே கேபிளில் இணைக்கலாம். அதற்கு டேப்லெட்டோடு வந்த சார்ஜிங் கேபிளை மாட்டிப் படம் வரவில்லை என்று திகைப்பவர்கள் ஏராளம். அதில் பெரும்பாலும் சார்ஜும் யூஎஸ்பி 2.0-வும் மட்டும்தான், படத்துக்கான கம்பிகளே உள்ளே இல்லை. ‘10 ஜிபிபிஎஸ்’ அல்லது ‘தண்டர்போல்ட்’ என்று தெளிவாகப் போட்டிருக்கும், ஒரு மீட்டருக்குள்ளான கேபிள் வாங்குங்கள். எச்டிஎம்ஐ–டைப்-சி கேபிள்கள் ஒருவழிப் பாதை: டேப்லெட்டிலிருந்து டிவிக்குப் போவதற்கு என்று விற்பது எதிர்த்திசையில் ஓடாது. 4கே 60-க்கு எச்டிஎம்ஐ கேபிள் 18 ஜிபிபிஎஸ் தாங்க வேண்டும். பழைய கேபிளில் திரை அவ்வப்போது ஒரு நொடி கறுத்துக் கறுத்து வரும்.

டிஸ்க், இணையம், கீபோர்டு

டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கும் முறைகளில், எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்வது பெரும்பாலான டேப்லெட்டுக்குப் பொதுவான வழி. ஃபேட்32-இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஃபைல் ஏறாது. விண்டோஸில் பயன்படுத்திய என்டிஎஃப்எஸ் டிஸ்க்கில் எழுத முடியும் என்று நம்பிப் பயணம் கிளம்ப வேண்டாம். ஐபேடுக்கு டிஸ்க்கில் ஒரே ஒரு டேட்டா பார்ட்டிஷன் (பிரிவு) இருக்க வேண்டும். நான்காகப் பிரித்த பழைய டிஸ்க் தெரியாமல் போக அதுவே காரணம். ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஈதர்நெட் கேபிளை ஹப்பில் செருகினால் ஐபேட் செட்டிங்ஸில் ‘ஈதர்நெட்’ என்று புதிய வரி தானாகத் தோன்றும். யூஎஸ்பி 2.0 டேப்லெட்டில் ஜிகாபிட் போர்ட் இருந்தாலும் 480-க்குள்தான். வெப்கேம் ஐபேட்ஓஎஸ் 17 முதல் டைப்-சி ஐபேடுகளில் வேலை செய்கிறது. தமிழில் தட்டச்ச, கீபோர்டு பட்டியலில் தமிழைச் சேர்த்துவிட்டால் ஐபேடில் கன்ட்ரோல்–ஸ்பேஸ் அழுத்தி மொழி மாற்றலாம்.

ஒரு வினோதமான கோளாறு: டிஸ்க்கில் நகலெடுக்கத் தொடங்கியதும் வயர்லெஸ் மவுஸ் திக்கித் திக்கி ஓடும், வைஃபை தளரும். யூஎஸ்பி 3 ஓடும்போது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளம்புகிறது. இன்டெல் 2012-லேயே இதை ஆவணப்படுத்தியது. மவுஸ் ரிசீவரை ஒரு சிறு யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டி ஹப்பிலிருந்து தள்ளி வையுங்கள், வைஃபையை 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள்.

படம் வரவில்லையென்றால்

ஹப்பிலிருந்து எல்லாவற்றையும் கழற்றுங்கள். எச்டிஎம்ஐ மட்டும் மாட்டிப் பாருங்கள். வந்தால் சார்ஜரைச் சேருங்கள், பிறகு ஒவ்வொன்றாக. எதைச் சேர்த்தபோது போகிறதோ அதுதான் குற்றவாளி. அப்போதும் வரவில்லையென்றால் வேறு எச்டிஎம்ஐ கேபிள், வேறு டிவி. ஹப்பைப் பிடுங்கி அரை நிமிடம் விட்டு மீண்டும் மாட்டினால் தொங்கிப்போன சிப் சில சமயம் எழுந்துவிடும்.

பிறகு இதைச் செய்து பாருங்கள்: ஹப்பின் டைப்-சி பிளக்கை உருவி, 180 டிகிரி திருப்பி, மேல் பக்கம் கீழாகச் செருகுங்கள். டைப்-சி எப்படிச் செருகினாலும் ஒன்று என்றாலும் உள்ளே பயன்படும் பின்கள் பக்கத்துக்குப் பக்கம் வேறு. ஒரு பக்கம் படம் வந்து மறு பக்கம் வராவிட்டால் செட்டிங்ஸில் தேடுவதை நிறுத்தலாம்; ஏதோ ஒரு பின் தொடவில்லை. டேப்லெட்டை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் போர்ட்டுக்குள் பாருங்கள். பையில் போட்டு எடுத்துப் போகும் டேப்லெட்டுகளில் துணிப்பஞ்சு அடியில் அழுந்திக் கிடக்கும். மரப் பல்குச்சியால் மெல்லக் கிளறி எடுங்கள். ஊக்கு, குண்டூசி பக்கமே போகக் கூடாது. சுத்தம் செய்தும் அப்படியே இருந்தால் அதே ஹப்பை வேறொரு டேப்லெட்டிலோ லேப்டாப்பிலோ மாட்டி இருபுறமும் சோதியுங்கள். அங்கேயும் ஒரு பக்கம்தான் வருகிறதென்றால் ஹப்பை மாற்றுங்கள். அங்கே இரண்டு பக்கமும் வந்தால் டேப்லெட்டின் போர்ட்டைச் சர்வீஸில் காட்ட வேண்டும்.

மேசையில் நிரந்தரமாக ஹப்போடு இருக்கும் டேப்லெட் எப்போதும் 100 சதவீதத்தில் நிற்கும். பேட்டரிக்கு அது நல்லதல்ல. சாம்சங்கில் ‘பேட்டரி புரொடெக்‌ஷன்’ என்ற அமைப்பும், 2024-இல் வந்த எம்2 ஐபேட் ஏர், எம்4 ஐபேட் ப்ரோ ஆகியவற்றில் 80 சதவீத வரம்பும் இருக்கின்றன, ஆன் செய்துவிடுங்கள். ஹப் கை சுடும் அளவுக்குச் சூடாவது அலுமினிய உடலில் சகஜம்தான், அதை டேப்லெட்டின் முதுகுக்கு அடியில் மட்டும் ஒளித்து வைக்க வேண்டாம்.